காரில் நெடும்பயணம்: வழியில் மற்ற குடும்பங்களைச் சந்திக்க முடியுமா?

செதாபாக் வாசகி எழுதியது:

வணக்கம். கோலாலம்பூர் செதாபாக்கில் இருந்து எழுதுகிறேன். அடுத்த ஆண்டு நாங்கள் நால்வரும் எங்கள் காரிலேயே கிர்கிஸ்தான் வரை போவதென்று முடிவெடுத்திருக்கிறோம். தாய்லாந்து, லாவோஸ், சீனா, பிறகு காஷ்கர் வழியாக மலையேறி அந்தப் பக்கம். என் கணவர் சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். காரின் கூரைமேல் விரிக்கும் கூடாரம்கூட வாங்கியாகிவிட்டது. வண்டி, காகிதம், செலவு எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்கிறார்.

என் கவலை வேறு. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. மகளுக்குச் சேர்ந்து விளையாட ஆள் வேண்டும். மாலையில் எங்கள் அடுக்குமாடியின் கீழே இறங்கினால், சாப்பிடக் கூப்பிடும்வரை மேலே வர மாட்டாள். அப்படிப்பட்டவள் மாதக்கணக்கில் எங்கள் மூவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆவாள்? "பிள்ளைகளைக் கூண்டில் அடைத்துக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்" என்கிறார் என் மாமியார். அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

இப்படிக் குடும்பமாகப் பயணம் செய்பவர்கள் வழியில் உண்மையிலேயே கிடைப்பார்களா? அவர்களை எப்படித் தேடுவது? முன்பின் தெரியாதவர்களோடு பிள்ளைகளை எந்த அளவுக்குப் பழகவிடலாம்? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

அலோர் ஸ்டார் ஓட்டுநர்:

வணக்கம் சகோதரி. துணை வேண்டுமென்றால், பல வண்டிகள் ஒன்றாகச் சேர்ந்து போகும் கான்வாயில் சேருவதுதான் எளிது. பள்ளி விடுமுறைகளில் தாய்லாந்தின் ஹாட்யாய், பேத்தோங், சியாங் ராய் வரை பல குழுக்கள் போகின்றன. முதலில் ஒரு சிறிய கான்வாயில் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். வழியில் வண்டி நின்றுவிட்டாலும் உதவிக்கு ஆள் இருக்கும்.

காகித வேலையில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டும்போது தாய்லாந்துக்கான காப்புறுதி கட்டாயம். கார் ஓட்டுபவர் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. எல்லை திறக்கும் நேரத்தைக் கணக்கிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

---

பாகான் அஜாம் அம்மா:

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் பட்டர்வொர்த்தில் இருந்து அதே தடத்தில் போய் வந்தவர்கள். அப்போது என் மகளுக்கும் ஏறக்குறைய உங்கள் மகள் வயதுதான்.

அலோர் ஸ்டார் அண்ணன் சொன்ன காகித விவரங்கள் சரி. கான்வாய் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கான்வாய் பெரியவர்களின் அட்டவணைப்படி ஓடுவது. விடியற்காலையில் கிளம்பி இருட்டும் நேரத்தில் ஹோட்டல் போய்ச் சேருவார்கள், மறுநாளும் அதுவேதான். பகல் முழுவதும் பிள்ளைகள் பார்ப்பது முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கை. சேர்ந்து போகிறோம் என்ற பெயர் இருக்கும், சேர்ந்து விளையாட நேரம் இருக்காது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நல்ல இடம் கிடைத்தால் அங்கே மூன்று இரவு தங்குங்கள். முதல் மாலை எல்லோரும் களைத்து வந்திருப்பார்கள். ஒருவர் தண்ணீர்க் குழாயைத் தேடுவார், இன்னொருவர் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவார். ஒரு புன்னகையோடு முடிந்துவிடும். மறுநாள் காலையில் துணி காயப்போடும்போதுதான் அம்மாக்கள் பேசத் தொடங்குவோம். அன்று மாலைக்குள் பிள்ளைகள் ஒன்றாகிவிடுவார்கள். மூன்றாம் நாள் உங்கள் மகள் எந்த வண்டியில் இருக்கிறாள் என்று நீங்கள் தேடுவீர்கள். ஒரே இரவு தங்கிக் கிளம்பும் குடும்பத்துக்கு அந்த முதல் நாள் புன்னகை மட்டும்தான் கிடைக்கும். பாதி ஊர்களை வரைபடத்திலிருந்து அழித்தாலும் பரவாயில்லை, தங்கும் நாள்களைக் குறைக்காதீர்கள்.

எங்கே கிடைப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தாய்லாந்தில் ஐரோப்பியக் குடும்பங்கள் சொந்த வண்டியோடு அதிகம் தென்படவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். 2016 முதல் வெளிநாட்டு வண்டிகள் உள்ளே வர அங்கே முன்அனுமதி வாங்க வேண்டும். அதுவும் ஒரு பயண நிறுவனம் மூலமாக. மலேசியா, சிங்கப்பூர், லாவோஸ் வண்டிகளுக்கு விலக்கு உண்டு, நாம் எளிதாகப் போய்விடுகிறோம். தொலைவிலிருந்து வருபவர்களில் பலர் அந்தச் செலவைப் பார்த்து நாட்களைச் சுருக்கிக்கொள்வார்கள். லாவோஸில் நிலைமை மாறிவிடும். லுவாங் பிரபாங்கிலும், சீன எல்லைக்கு முன்னால் வரும் லுவாங் நம்தாவிலும் வடக்கே போகிறவர்களும் வடக்கிலிருந்து இறங்குகிறவர்களும் சந்தித்துக்கொள்வார்கள். அங்கே நாள்களைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

ஐஓவர்லேண்டர் என்று ஒரு செயலி இருக்கிறது. எங்கே வண்டியை நிறுத்தித் தூங்கலாம், எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்று பயணிகளே எழுதி வைக்கிறார்கள். இடத்தைப் பற்றிய குறிப்புகளைப் படிக்கும்போது பிள்ளைகளோடு தங்கியதாக யாராவது அண்மையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்த இடத்துக்கே போங்கள். ஒரு குடும்பம் தங்கிய இடத்துக்கு இன்னொரு குடும்பம் தேடி வரும்.

அடுத்தது சீனா. அங்கே நம் காரை நம் விருப்பத்துக்கு ஓட்ட முடியாது என்பது உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். பயண நிறுவனம் மூலம் முன்கூட்டியே விண்ணப்பித்து, எந்த நாள் எந்த ஊர் என்று எழுதிக் கொடுத்து, எல்லையில் தற்காலிக எண் பலகையும் ஓட்டுநர் உரிமமும் வாங்கி, வழிகாட்டி ஒருவரை உடன் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். வழிகாட்டியின் கட்டணம் தனி ஒரு குடும்பத்துக்கு மிகவும் அதிகம். அதனால் ஒரே காலத்தில் கடக்க நினைப்பவர்கள் இணையத்தில் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, பல மாதங்களுக்கு முன்பே குழுவாகச் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நண்பர்கள் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு இதுதான். இதற்கு மட்டும் நான் குழுவை மனமாரப் பரிந்துரைப்பேன். இங்கே வேறு வழி இல்லை என்பது ஒன்று. தங்கும் நாள்களை நாமே முன்கூட்டி எழுதி வாங்க முடியும் என்பது இன்னொன்று.

குழு சேரும்போது கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவார்கள், பிள்ளைகளின் வயது என்ன, நடுவில் ஓய்வு நாள் உண்டா, ஒரு வண்டி பழுதானால் மற்றவர்கள் காத்திருப்பார்களா என்று கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் பழைய லாரியை வீடாக மாற்றி ஓட்டிவந்த பிரெஞ்சுக் குடும்பம் இருந்தது, மூன்று பிள்ளைகள். அந்த லாரி மலைச்சாலையில் மெதுவாகத்தான் ஏறும். எல்லோரும் அதன் வேகத்துக்கு ஒப்புக்கொண்டே கிளம்பியதால் வழியில் ஒருநாள்கூட முகச்சுளிப்பு வரவில்லை.

அந்தக் குடும்பத்திடம் கற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பிள்ளைகள் பலர் அரசாங்கத் தொலைக்கல்விப் பாடங்களோடு பயணம் செய்கிறார்கள். காலையில் மேசை விரித்துவிட்டால் மதியம் வரை பாடம்தான். அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் போய்க் கதவைத் தட்டினால் அந்த அம்மாவுக்குச் சங்கடம். நானும் என் பிள்ளைகளின் கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அதே மேசைக்குப் போனேன். நான்கு நாட்டுப் பணத்தையும் டீசல் விலையையும் வைத்து அவர் எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்டினார், நான் வாய்ப்பாடு கேட்டேன். ஜெர்மன் குடும்பங்கள் வேறு மாதிரி. அவர்கள் நாட்டில் பள்ளிக்குப் போவது கட்டாயம், வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க விடமாட்டார்கள். அதனால் பெரும்பாலும் பள்ளிவயது வராத குழந்தைகளோடுதான் கிளம்புகிறார்கள். உங்கள் மகளுக்குச் சமவயதுத் தோழி வேண்டுமென்றால் பிரெஞ்சு எண் பலகையைத் தேடுங்கள். மகளுக்குச் சின்னக் குழந்தைகளைப் பிடிக்கும் என்றால் ஜெர்மன் வண்டிகளும் அவளுக்குச் சொர்க்கம்தான். நம் நாட்டிலும் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். ஆகவே கிளம்பும் முன் தலைமையாசிரியரிடம் நேரில் பேசி, விடுப்பைப் பற்றி எழுத்தில் ஒரு முடிவு வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டுக் குடும்பங்களை மட்டுமே தேட வேண்டாம். சீனர்களே இப்போது ஏராளமாகச் சொந்த வண்டியில் சுற்றுகிறார்கள். ஓய்வுபெற்ற தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேன்களில் வருகிறார்கள். என் மகள் பட்டர்வொர்த்தில் சீனப்பள்ளியில் படித்தவள். துன்ஹுவாங் மணல்மேட்டுக்கு அருகே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு பாட்டி அவளிடம் ஏதோ கேட்டார். இவள் மண்டரினில் பதில் சொன்னதும் அந்த வரிசையே எங்கள் கார்ப்பக்கம் வந்துவிட்டது. இந்தியப் பிள்ளை இப்படிப் பேசுகிறாளே என்று அவர்களுக்கு வியப்பு. நம் நாட்டைப் பற்றி, நம் சாப்பாட்டைப் பற்றி, அவளுடைய பள்ளியைப் பற்றி எல்லாம் கேட்டார்கள். அத்தனைக்கும் அவள்தான் பதில் சொன்னாள், நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர்கள் பேச்சில் ஓரமாக நிற்கும் பிள்ளைக்கு அந்த மாலை எவ்வளவு பெரியது என்பதை அவள் முகத்தில் பார்த்தேன். உங்கள் பிள்ளைகளுக்கு மண்டரின் தெரியாவிட்டாலும் கிளம்பும் முன் நாலு வாக்கியம் பழக்குங்கள்.

மொழியே இல்லாத இடத்துக்கு ஒரு விளையாட்டு வேண்டும். கைப்பேசி வேண்டாம், அதைக் கையில் எடுத்தால் இரண்டு பிள்ளைகள் பார்ப்பார்கள், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். நாங்கள் ஜார்ஜ்டவுனில் வாங்கிய மரச் சொங்காக் பலகையைக் கொண்டுபோனோம். நம் பல்லாங்குழியைப் போன்றதுதான். பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் நாங்கள் தங்கிய விடுதி முற்றத்தில் என் பிள்ளைகள் அதை விரித்துச் சோழிகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, விடுதிக்காரரின் பேரன் வந்து குனிந்து பார்த்தான். குழிகளை விரலால் எண்ணினான். தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடி, தன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் பக்கத்துக்கு ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது மணி! தோகுஸ் கோர்கோல் என்பது அதன் பெயர். கசாக்ஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி மூன்று நாடுகளின் இந்த விளையாட்டு மரபை யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முதலில் நம் விதி, பிறகு அவன் விதி என்று மாறி மாறி ஆடினார்கள். பாமிர் மலைச்சாலைக்குப் போவதற்கு முன் வண்டியைப் பழுதுபார்க்க அந்த ஊரில் நிற்கும் பயணிகள் அதிகம். அதே விடுதியில் தங்கியிருந்த பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒருவருக்கும் இன்னொருவர் மொழி தெரியாது. யார் ஏமாற்றினாலும் எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் கத்தினார்கள். பலகை கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். காய்க்குச் சோழி வையுங்கள், புளியங்கொட்டை வேண்டாம்; எல்லையில் விதை என்றால் கேள்வி வரும்.

சாப்பாடு கொடுத்துப் பழகுவது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகள் இருக்கிறார்கள். எதைக் கொடுக்கும் முன்பும் அந்த அம்மாவிடம் கேளுங்கள். காஷ்கர் தாண்டி இர்கேஷ்தாம் எல்லையைக் கடந்தால் சாரி தாஷ் என்று ஒரு சிற்றூர் வரும், 3,000 மீட்டருக்கும் மேலே. அந்தக் குளிரில் நான் வைத்த ரசத்தைப் பிரெஞ்சுப் பிள்ளைகள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். உயரத்தில் பிள்ளைகளுக்குத் தலைவலி வரும், முதல் நாள் ஓடியாட விடாதீர்கள். அந்த எல்லை வார இறுதியிலும் சீன விடுமுறைகளிலும் மூடியிருக்கலாம், வழிகாட்டியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டு விதிகளைச் சொல்கிறேன். பிள்ளைகள் எங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் விளையாட வேண்டும். அடுத்தவர் வண்டிக்குள் போனால் கதவு திறந்திருக்க வேண்டும். அன்றிரவு தங்கும் இடத்தை அன்றே முகநூலில் போடுவதில்லை. எந்தக் குடும்பமாக இருந்தாலும் முதல் நாளே பிள்ளையை ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. இதைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளை வைத்திருக்கும் அந்த அம்மாவும் உங்களைப் பற்றி அதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

---

கிள்ளான் தாத்தா:

அம்மா எழுதியதைப் படித்தேன், மனம் நிறைந்தது. ஒன்று சேர்க்கிறேன். அந்தக் குடும்பங்களைப் பார்க்க லாவோஸ் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிள்ளான் துறைமுகம் வழியாக வண்டிகளைக் கப்பலில் அனுப்புபவர்களும் எடுப்பவர்களும் உண்டு. கப்பல் தாமதமானால் பிள்ளைகளோடு கோலாலம்பூரில் அறை எடுத்துக் காத்திருப்பார்கள். வண்டி இல்லாமல், வெயிலில், என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பார்கள். பயணிகளின் இணையக் குழுக்களில் சேர்ந்து, அப்படிக் காத்திருக்கும் குடும்பத்தை இப்போதே உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். பத்துமலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மகளுக்குக் கிளம்பும் முன்பே தோழிகள் கிடைத்துவிடுவார்கள். அவர்கள் கடந்துவந்த எல்லைகளைப் பற்றிய புதிய செய்தியும் உங்களுக்குக் கிடைக்கும்.

---

செதாபாக் வாசகி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை என் மாமியாருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பல்லாங்குழி என்றதும் அவரே உள்ளே போய்ப் பழைய சோழிகளைத் தேடி எடுத்துவந்தார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பழகிய பிள்ளைகள் பிரியும்போது என்ன செய்தீர்கள்? என் மகள் பக்கத்து வீட்டுத் தோழி ஜொகூருக்குக் குடிபோனதற்கே வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை.

---

பாகான் அஜாம் அம்மா:

அழுவாள், தங்கச்சி. என் மகளும் ஓஷில் அந்த லாரி பாமிர்ப் பக்கம் திரும்பியபோது அழுதாள். "அடுத்த ஊரில் வேறு பிள்ளைகள் கிடைப்பார்கள்" என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பதிலாக வேறொரு பிள்ளை வர முடியாது, அது அவளுக்குத் தெரியும். அன்று வண்டியை எடுக்காமல் இன்னொரு நாள் அங்கேயே தங்கினோம்.

உதவியது சில ஏற்பாடுகள். பிரிவதைக் காலையில் திடீரென்று சொல்லாதீர்கள். இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்கள் தங்களுக்குள் என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்வார்கள். ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி, சந்திக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு பக்கம் எழுதவோ வரையவோ செய்யுங்கள். முகவரி, மின்னஞ்சல் எல்லாம் பெற்றோரின் கையெழுத்தில் அதே பக்கத்தில் இருக்கட்டும். பிறகு குரல்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தைவிட அது எளிது, ஓடும் காரிலேயே பேசி அனுப்பலாம். என் மகளுக்கும் அந்தப் பிரெஞ்சுப் பெண்ணுக்கும் இன்றும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

மகளைக் காரில் சும்மா உட்காரவும் விடாதீர்கள். லாவோஸில் இருந்து சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், நம் காரில் ஓட்டுநரும் வலப்பக்கம். டோல் சாவடியின் சன்னல் இடப்பக்க இருக்கைக்கு நேராக வரும். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கும் பொறுப்பை, அவள் உயரத்துக்கும் வயதுக்கும் முன்னிருக்கை பாதுகாப்பானதாக இருந்தால், மெதுவாகப் போகும் சாலைகளில் அவளிடம் கொடுங்கள். சாவடியில் இருப்பவர்கள் பிள்ளையைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் விடுவதில்லை.

கிளம்பும் அன்று எல்லைக்கு ஒரே மூச்சில் ஓட வேண்டாம். வழியில் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் இரவு தங்குங்கள். பிரெஞ்சுக் குடும்பத்தின் தொடர்பையும் அந்த ஓஷ் விடுதியின் விவரத்தையும் நேரில் தருகிறேன். உங்கள் கணவரும் என் கணவரும் சீனாவுக்கான விண்ணப்பத்தைச் சேர்ந்து பார்த்துவிடட்டும். என்றைக்கு வருகிறீர்கள் என்று தனிச்செய்தியில் எழுதுங்கள்.